கழுத்தில் தொங்கிய பூட்டு

"அண்ணே, ஒரு பூட்டத் தொறக்கணும்" என்று கல்லூரிப் பெண் ஒருத்தி கடை வாசலில் வந்து நின்றாள்.

"கொண்டா" என்று கையை நீட்டினேன்.

அவள் பின்னால் நின்ற பையனைக் காட்டினாள். அவன் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. துண்டுக்குக் கீழே ஒரு சங்கிலியில் பூட்டு தொங்கியது.

திண்டுக்கல்லில் இருபத்தேழு வருடமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவன் சட்டையெல்லாம் கிழிசல், கிழிசலில் ஊக்கு. கால்சட்டையில் இரண்டு பேர் நுழையலாம். அவன் வாயே திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவன் தன் மாமனார் வீடு என்று கூட்டிப்போய் பீரோவைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். அது யார் வீடோ. ஒரு பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். அன்று மாதா படத்துக்கு முன் முழந்தாளிட்டு, யாருடையது என்று தெரியாமல் இனி எந்தப் பூட்டையும் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"சாவி எங்க?"

"கன்னிவாடிப் பக்கம் ஒரு கெணத்துல போட்டுட்டோம்ணே. பாட்டு வீடியோவுக்காக. நாலு நாளாச்சு."

"எந்தக் கூறுகெட்டவன் சாவியக் கெணத்துல போடுவான்?"

"நாங்க பாடுறது ராப்புண்ணே. ஆனா பங்க் ராக் ஆளுக மாதிரி கோவமாக் கத்திப் பாடுவோம். எங்கள எவனும் பூட்ட முடியாதுன்னு அர்த்தம்."

"அதான் நல்லாப் பூட்டிக்கிட்டு வந்திருக்கீகளே!"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. அவனுக்கு முடியல. பட்டறையில சங்கிலிய வெட்டப் பயந்துட்டாங்க."

நடிப்பு என்று நினைத்தேன். "சாமியத் திட்டிப் பாடுறீகளோ?"

"எங்க தெருவுல தண்ணி வரலன்னு பாடுறோம். சாமிய ஏண்ணே இழுக்குறீங்க?"

"பூட்டு உங்களுதுதான்னு என்ன சாட்சி?"

அவள் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். வீடியோவில் அவன் குதித்துக் குதித்துக் கத்தினான். சங்கிலிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தது.

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். துண்டை விலக்கினேன். கழுத்து புண்ணாகி வீங்கி, சங்கிலி சதைக்குள் பதிந்திருந்தது. அவன் பேசாமல் நின்றது திமிரால் அல்ல. பேச முடியவில்லை.

"சேசுவே" என்றேன். ஸ்டூலில் உட்காரவைத்து, பூட்டுக்குள் கம்பியை நுழைத்து, உள்ளே இருக்கும் லீவர் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். இரண்டு நிமிட வேலை. அவசரத்தில் கம்பி மூன்று தடவை நழுவியது. நாலாவதில் பூட்டு விட்டது. அவன் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான்.

"இப்ப நம்புறீங்களாண்ணே?" என்றான், குரலே இல்லாமல்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

அவர்கள் பாட்டின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், பூட்டு யாருடையது என்று கட்டாயம் கேளுங்கள். அதற்கு முன், அது எதைப் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்.