கைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கி

எங்கள் மில்ஸ்டோன் ஊரில் முதல் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் டெல்பர்ட் ரஸ்கைத்தான் தேடி வருவார்கள். அவர் இருப்பது ஆணி, வேலிக்கம்பி, கோழித்தீவனம் விற்கிற கடையில். பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி கவுண்ட்டர். நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய வருஷத்திலிருந்து அதற்குப் பின்னால் டெல்பர்ட் நிற்கிறார். முன்பக்கக் கல்லாவில் நான். நடுவில் இருப்பது தீவன மூட்டைகள் மட்டும் என்பதால், அவர் பேசுவது எல்லாம் என் காதில் விழும்.

பெரும்பாலும் ஒரே காட்சிதான். புருஷன் முன்னால் வருவான், மனைவி ஒரு அடி பின்னால் நிற்பாள். இவளுக்கு ஒன்று வேண்டும், சின்னதாக, லேசாக, கைப்பையில் அடங்குகிற மாதிரி, விலையும் கம்மியாக என்று புருஷன் அடுக்குவான். டெல்பர்ட் அவன் பக்கம் திரும்பவே மாட்டார். அந்தப் பெண்ணின் கையில் நீளக் குழல் வைத்த, கனமான, பழைய இருபத்திரண்டு ஒன்றைக் கொடுப்பார். இருபத்திரண்டு என்றால் இருப்பதிலேயே சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி.

"கனமா இருக்கே" என்பாள் அவள்.

"சுட்டா துப்பாக்கி பின்னால உதைக்கும். அந்தக் கனம்தாம்மா உதைய வாங்கிக்கும். லேசா இருந்தா மொத்த உதையும் உன் கைக்கு வந்து சேரும்."

தோட்டா மலிவு, மனசு போல எத்தனை வேண்டுமானாலும் சுட்டுப் பழகலாம், நல்ல இரும்பு என்றால் பழையதே போதும் என்று நிதானமாகச் சொல்லுவார். கூட வந்தவன், இது சின்னப் பசங்க அணில் சுடுகிற சாமான் அல்லவா என்று முணுமுணுப்பான். டெல்பர்ட்டின் முகம் கதவைச் சாத்தியது மாதிரி ஆகிவிடும்.

"ஆமா. அதனாலதான் எந்தச் சின்னப் பையனும் பயந்து ஓடல."

அந்த முகம் ஏன் அப்படி மாறுகிறது என்பது ஊரில் நரைத்த தலைகள் அத்தனைக்கும் தெரியும்.

டெல்பர்ட்டுக்கும் இமோஜினுக்கும் கல்யாணமான புதிது. வாரம் முழுக்க அவர் சுரங்க வேலையில் பூமிக்கு அடியில் இருப்பார். ஞாயிறு சர்ச்சுக்கு. சனிக்கிழமை, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரியில் சுரங்க ஆட்களோடு சேர்ந்து காகிதத் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடுவது. இமோஜின் நகையோ துணியோ கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமையைக் கேட்டாள். நானும் உன் கூட வரேன், எனக்கும் கத்துக் கொடு என்றாள். புதுப் பெண்டாட்டி அப்படிக் கேட்டால் எந்த ஆம்பிளைக்குத்தான் நெஞ்சு நிமிராது?

டெல்பர்ட் பக்கத்து டவுனுக்குப் போய், முத்துப்பிடி வைத்த குட்டி ரிவால்வர் ஒன்றை வாங்கி வந்தார். உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். மலிவாகவும் கிடைத்தது. ஆனால் போடுவது முப்பத்தெட்டு என்கிற பெரிய தோட்டா. பூனைக்குட்டி மாதிரி இருக்கும், கழுதை மாதிரி உதைக்கும். அவர் சிறுவயதில் பழகிய கனத்த இருபத்திரண்டு அன்றைக்கு அவருடைய வண்டியிலேயே இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் மலைப்பக்கத்தில் இருபத்திரண்டு பையன்களுக்கு உரியது. டெல்பர்ட் பெண்டாட்டிக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தான் என்று திங்கட்கிழமை சுரங்கத்துக்குள் பேசிச் சிரிப்பார்களே, அந்தப் பயம்.

குவாரியில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாகச் சுடுகிறவர்களிடம் உதை எவ்வளவு என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இமோஜின் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் கடுகுச்சாந்து வைத்த முட்டை செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். புருஷனைப் பார்த்துப் புன்னகைத்தாள். விசையை இழுத்தாள்.

துப்பாக்கி எகிறி வந்து அவள் நெற்றியில் அடித்தது. புருவம் கிழிந்து ரத்தம் மஞ்சள் கவுனில் சொட்டியது. ஆட்கள் சிரித்தார்கள். டெல்பர்ட்டின் சிரிப்பு அதில் பெரிய சிரிப்பு இல்லை. ஆனால் முதல் சிரிப்பு அவருடையதுதான்.

இமோஜின், அவர் சொல்லிக் கொடுத்திருந்த மாதிரியே குழலை மலைப்பக்கம் திருப்பித் துப்பாக்கியைப் பலகை மேல் வைத்தாள். போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுவாரம் அவர் தன் இருபத்திரண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இதால சுடலாம் ஜீனி, வலிக்கவே வலிக்காது என்று செல்லப்பெயர் சொல்லிக் கெஞ்சினார். அடுப்புல பீன்ஸ் வேகுது டெல்பர்ட், நீ போயிட்டு வா என்றாள். எப்போது கேட்டாலும் அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டிருந்தது. சில வருஷங்களில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அவர்கள் கெட்ட தம்பதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு மகள்களை வளர்த்து, நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சண்டை போட்டு ஊர் பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை மட்டும் அந்த வீட்டில் இரண்டு துண்டாகக் கிடந்தது. இமோஜினின் இடது புருவத்தில், முடி முளைக்காத ஒரு சின்ன இடைவெளி மாதிரி.

காலம் யாருக்காக நிற்கிறது? குவாரியில் வரிசையாக நின்று சிரித்தவர்களை, நெஞ்சில் படிந்த கரித்தூசி ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோனது. கடைசியில் டெல்பர்ட் மட்டும் தனியாகத் தட்டை மாட்டி, தனியாகச் சுட்டு, தனியாக எடுத்து வர ஆரம்பித்தார்.

போன அக்டோபரில் ஒரு நாள் இமோஜின் கடைக்கு வந்தாள். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் டப்பா இல்லை. நேராகப் பின்பக்கம் போய், ஒரு இளம் ஜோடிக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். அவர்கள் போனதும் கவுண்ட்டருக்கு வந்தாள். டெல்பர்ட் குனிந்து கவுண்ட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்மா?" என்றார், நிமிராமலே.

"புதுசா சுடக் கத்துக்கப் போறேன். சின்னத் தோட்டா போடுறதா, விலை கம்மியா ஒண்ணு காட்டுங்க."

குரலைக் கேட்டதும் அவர் கையில் இருந்த துணி நின்றது. "யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான். எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமையானா ஒத்தையாப் போய் நிக்கிறார். பாக்க சகிக்கல."

"ஜீனி... இத்தனை வருஷம் இல்லாம..."

"இப்பத்தான் அங்க சிரிக்க ஆளில்லையே, டெல்பர்ட்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து ரசீதுகளை அடுக்குவது போல நடித்தேன்.

அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவில்லை. கீழ் இழுப்பறையை இழுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பழைய இருபத்திரண்டு ரிவால்வரை எடுத்தார். அது எனக்குத் தெரிந்த துப்பாக்கி. எத்தனையோ பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அது ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருக்கு என்பார். யாரோ வராத வாடிக்கையாளர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இமோஜின் அதை வாங்கினாள். மணிக்கட்டு சட்டென்று தாழ்ந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருஷம் பிஸ்கட் மாவு பிசைந்த கை. மூட்டுவாதத்தில் ஒவ்வொரு கணுவும் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்திருந்தது. கையில் நிற்காததை வாங்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனுஷர், அந்தத் தாழ்ந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார், எந்த வாடிக்கையாளரிடமும் பொய் சொல்லாத டெல்பர்ட்.

சனிக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்தாள் இமோஜின். மடியில் கடுகுச்சாந்து முட்டைத் தட்டு. குவாரியில் காற்றைத் தவிர யாருமில்லை. டெல்பர்ட் காகிதத் தட்டைச் சில அடி தூரத்திலேயே மாட்டினார். பலகை மேல் மணல்மூட்டை வைத்து, அவள் கையை அதன் மேல் சாய்த்தார். சுடுவதற்கு முன் துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை இழுத்து வைக்க வேண்டும், அதற்கு அவள் பெருவிரல் வளையவில்லை. அவரே இழுத்து வைத்தார். சத்தம் எவ்வளவு இருக்கும், எங்கே அதிரும், உதை ஒரு விரலால் சுண்டிவிட்ட மாதிரிதான் இருக்கும் என்று ஒன்று விடாமல் முன்கூட்டியே சொன்னார். காதுமூடியை அவள் தலையில் மாட்டும்போது அவர் விரல் அந்தப் புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நொடி தயங்கியது.

அவள் சுட்டாள். காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை.

இமோஜின் துப்பாக்கியையே பார்த்தாள். பிறகு காதுமூடியைக் கழற்றினாள்.

"இவ்வளவுதானா?"

டெல்பர்ட் தலையாட்டினார்.

"இவ்வளவுதானா, டெல்பர்ட்? இதுக்கா இத்தனை வருஷம்..."

கோபமாகக் கேட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் குழந்தை மாதிரி ஆச்சரியமாகக் கேட்டாள். அவர் கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு இந்த மாதிரி ஒண்ணு வண்டியிலயே கெடந்துச்சு ஜீனி. சீட்டுக்குப் பின்னால."

"தெரியும். வரும்போதே பாத்தேன்." அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அதத்தான் எனக்குக் கொடுப்பேன்னு நெனச்சேன்."

இன்னொரு முறை சுட முயன்றாள். விரல் விசையில் மடங்கவே இல்லை. அவர் கையை மேலே வைத்து உதவப் போனார். வேண்டாம் என்று தலையசைத்தாள். குழலை மலைப்பக்கம் திருப்பி, துப்பாக்கியைப் பலகை மேல் வைத்தாள். வண்டியை நோக்கி நடந்தாள், அன்றைக்கு நடந்த அதே பாதையில். டெல்பர்ட் எழுந்து ஓட்டமும் நடையுமாக அவள் பின்னால் போனார். நான் முட்டைத் தட்டோடு அங்கேயே நின்றேன். வண்டிக்குள் ஹீட்டர் முன்னால் அவள் கையை வைத்து, அவர் கணுக் கணுவாகத் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் சுடவில்லை. சனிக்கிழமைகளில் கூடப் போகிறாள், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். அவரும் நாலு தோட்டாவோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

அவள் சுட்ட அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரமே கவுண்ட்டருக்கு ஒரு ஜோடி வந்தது. லேசா, சின்னதா, விலை கம்மியா என்று புருஷன் ஆரம்பித்தான். எப்போதும் பெண்ணின் கையைப் பார்க்கிற டெல்பர்ட் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"நீ எதுல பழகின?"

"எங்கப்பாவோட இருபத்திரண்டு. ஏன்?"

"இப்ப எங்க இருக்கு?"

"வண்டியிலதான் கெடக்கு."

"போய் அத எடுத்து இவ கையில குடு தம்பி. இன்னைக்கே குடு" என்றார் டெல்பர்ட். கண்ணாடிப் பெட்டியைப் பூட்டிவிட்டு, அவர்கள் வெளியே போகும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.