நாலா, அஞ்சா?

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஒரு பை ஆப்பிள். வலது கை முழுக்கக் கட்டுடன் படுத்திருப்பவனுக்கு அதை யார் நறுக்கித் தருவது? அவன் மனைவி ஸ்டெல்லா கத்தியைத் தேடியபோதுதான் எனக்கு உறைத்தது. நம் புத்தி அவ்வளவுதான்.

ஜெயசீலன் என் முப்பது வருட சிநேகிதன். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். லிங்கராஜபுரத்தில் பல் செட் செய்கிற சின்ன லேப் வைத்திருக்கிறான். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவன் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, பார்த்துப் பார்த்துப் பதிப்பான். முழுக்க முழுக்க விரல் வேலை. அந்த வலது கையில் இப்போது கட்டைவிரல் இல்லை. ஆள்காட்டி விரலில் உணர்ச்சி திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

எப்படி? ரிவால்வர் வெடித்து.

பயப்படாதீர்கள், ஆள் ரவுடி இல்லை. மாதம் இரண்டு முறை ஊருக்கு வெளியே இருக்கிற துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய், காகித வட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டு வருகிற அப்பாவி. துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் போன வருடம் ஒரு கிறுக்குப் பிடித்தது... கடைத் தோட்டா சரியில்லை, என் துப்பாக்கிக்கு ஏற்றதை நானே வீட்டில் தயாரித்துக்கொள்கிறேன் என்று. அதற்கு அனுமதி இருக்கிறதா? சிநேகிதன் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சுட்டு முடித்த காலி கேஸ்களை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடுகளை, பொறுக்கி வருவான். சுத்தம் செய்து, அடியில் பற்றவைக்கிற புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்துத் தூள் போட்டு, மேலே குண்டைப் பொருத்துவான். மருந்தை இம்மி இம்மியாகக் கூட்டி, குறைத்து, ஒவ்வோர் அளவிலும் ஐந்து தோட்டா. ஐந்துக்கும் ஒரு டப்பா, டப்பா மேல் ஒரு ஸ்டிக்கர். எந்த டப்பா ஓட்டைகளை நெருக்கமாகப் போடுகிறதோ, அதுதான் அவன் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு. பிரியாணிக்கு உப்பு பார்க்கிற மாதிரிதான். என்ன, பிரியாணியில் உப்பு தப்பினால் யாருக்கும் விரல் போகாது.

இந்த வேலை நடக்கும்போது வீட்டில் பேச்சு கூடாது. போன் ஆஃப். காரணம் அவனுடைய அப்பா. தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறவராக இருந்தவர். பத்துத் துளையில் வெடி வைத்தால், எல்லோரும் ஒதுங்கி நின்று தனித்தனியாக மனசுக்குள் எண்ண வேண்டுமாம். பத்துச் சத்தம் கேட்டால் உள்ளே போகலாம். ஒன்பதுதான் என்று ஒரே ஒருவன் சொன்னாலும் யாரும் அசையக் கூடாது. வெடிக்காத ஒன்று உள்ளே காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"சத்தம் வந்துட்டா அது தீர்ந்துதுப்பா. வராததுக்குத்தான் பயப்படணும்" என்பான் ஜெயசீலன். ரேஞ்சிலும் ஒவ்வொரு குண்டையும் வாய்விட்டு எண்ணுவான்.

விபத்து நடந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். அவனுக்குப் பின்னால், காதில் சத்தத்தைக் குறைக்கிற மஃப் மாட்டிக்கொண்டு நின்றேன். டம். "ஒண்ணு." டம். "ரெண்டு." டம். "மூணு." நாலாவதுக்கு வெறும் 'டப்' — நமத்துப் போன பட்டாசு போல. நான் சிரித்தேன்.

"நாலு" என்றான் அவன்.

சத்தம் வந்துவிட்டதே, தீர்ந்தது என்று எண்ணிவிட்டான். வெடிக்காரர் மகனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அந்தத் தோட்டாவில் மருந்தே இல்லை. அடியில் இருக்கிற பொட்டு மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே நிறுத்திவிட்டது. அடுத்த குண்டு எங்கே போகும்? ஐந்தை அவன் எண்ணவில்லை. கத்தினான்.

ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். "இவரு எண்ணிக்கை ஏக்தம் சுத்தமா இருக்கும்ணா. இத்தனை வருஷத்துல ஒரு பல்லு மாறினதில்ல. அது எப்படிண்ணா ஒண்ணு மட்டும் காலியா போச்சு?"

"விடு ஸ்டெல்லா. நாந்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றான் ஜெயசீலன். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஆப்பிள் நறுக்கினேன். ரொம்ப மெல்லிசாக நறுக்கினேன்.

எப்படிக் காலியாகப் போனது என்று எனக்குத் தெரியும்.

ரேஞ்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, அவன் தோட்டா மேசையில் வேலையாக இருந்தபோது சொல்லாமல் போய் நின்றேன். அவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். நான் வாயை மூடுகிற ரகமா? அத்திபெலே டோல்கேட்டில் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தேன். எதிர் லாரி டிரைவர் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறித் திட்டியதை நடித்தே காட்டினேன். அடக்கிப் பார்த்தான், முடியாமல் குலுங்கிச் சிரித்தான். சிரித்து முடித்துக் கீழே பார்த்தவனுக்குக் கணக்கு விட்டுப் போயிருந்தது.

"ஏம்பா, மருந்து போட்டது நாலா, அஞ்சா?"

"அஞ்சு" என்றேன்.

நான் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கையைப் பார்க்கவே இல்லை. வேலை முடிந்தால் இரண்டு பேரும் டீ குடிக்கப் போகலாம், அவ்வளவுதான் என் அவசரம். எப்போதும் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பவன், அன்று என் வார்த்தையை நம்பிக் குண்டைப் பொருத்திவிட்டான். தனித்தனியாக எண்ண வேண்டும் என்று அவனுடைய அப்பா சொன்னதை அவன் மீறியது அந்த ஒரு தடவைதான். எனக்காக மீறினான்.

'தெரியாது' என்று சொல்ல நமக்கு ஏன் வாய் வருவதில்லை? போகாத தெருவுக்கு வழி சொல்கிறோம். சாப்பிட்டே பார்க்காத மாத்திரையைச் சிபாரிசு செய்கிறோம். உறுதியாகச் சொன்னால் போதும், கேட்டவர் போய்விடுவார். அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று நாம் பார்ப்பதில்லை. நான் பார்த்துவிட்டேன்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை ஜெயசீலன் வாரம் தவறாமல் படிப்பான். இந்த வாரம் பத்திரிகையைப் பிரித்துப் பிடிக்க ஒரு கை போதாது. ஸ்டெல்லாதான் வாசித்துக் காட்ட வேண்டும். இந்த இடம் வரும்போது அவர் நிறுத்திவிடுவார் என்று தெரியும். நிறுத்தாமல் இந்த ஒரு வரியையும் வாசித்துவிடுங்கள், ஸ்டெல்லா.

ஜெயசீலா, நான் எண்ணவே இல்லப்பா.