ரோசி அக்காவின் கோபம்

இன்று பழவேற்காட்டில், டச்சுக் கல்லறை எதிரே பஸ்சுக்கு நின்றபோது ரோசி அக்காவும் இருந்தார். மகனைக் கடலில் பறிகொடுத்ததிலிருந்து அவர் மாதா கோயிலுக்கு வருவதில்லை. அவருக்குத் துணையாக இருக்கும்படி எங்கள் பங்குச்சாமியார் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒரு பைபிள் வசனம் சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம்மா. மாதா மேல எனக்குக் கோவம்."

"இன்னாத்துக்கு அக்கா?"

"அவங்க புள்ள மூணாம் நாளு திரும்பி வந்துட்டாரு. எம்புள்ள வரலியே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்தது, இருவருமே ஏறவில்லை.

"ஞாயித்துக்கெழம வந்து சும்மா உக்காந்துகினு இருக்கலாமா? ஜெபம் வராதும்மா."

"வாங்கக்கா. நானும் பக்கத்துல சும்மா உக்கார்றேன்."

அதனால் இந்த ஞாயிறு கோயில் பாட்டுக்குழுவில் என்னைத் தேடாதீர்கள்.

நான் இல்லாமல் பாட்டு நன்றாக இருந்தது என்று மட்டும் யாரும் கமென்ட் போடாதீர்கள்.