பெப்ரவரி முப்பதாம் திகதி பெய்த மழை

பெப்ரவரி மாதத்துக்கு முப்பது நாள் என்று நம்பி, அந்த முப்பது நாளும் வெள்ளவத்தையில் மழை பெய்ய வைத்த முட்டாள் நான். அதையும் ஒரே பின்னேரத்தில், கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரே பேனையால் பெய்வித்து முடித்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. என்னைவிடச் சின்னவளான தங்கச்சிக்குக்கூட அந்த மாதத்தின் கணக்குத் தெரிந்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். அக்காவுக்குப் பதின்மூன்று, தங்கச்சிக்கு எட்டு. அந்த வருடத் தொடக்கத்தில் அம்மா எங்கள் மூவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து வீட்டிலேயே படிப்பிக்கத் தொடங்கியிருந்தார். கனடாவிலிருந்த சித்தி, தன் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு, சம்பூப் போத்தல்களுக்கு நடுவே கப்பலில் அனுப்பியிருந்தார். பெட்டி வந்துவிட்டது, புத்தகம் வீணாகக் கூடாது, அதனால்தான் எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பாட்டினார்கள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடத்திட்டம் ஒன்று, பாடத்துக்குப் புத்தகமும் ஒன்று, பிள்ளைகள்தான் மூன்று. அம்மா அதற்கொரு வழி கண்டுபிடித்தார். பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான், செய்து கொடுக்க வேண்டிய ஒப்படை மட்டும் ஆளுக்கு வேறு. புத்தகத்தை முறை வைத்து வாசிக்க வேண்டும். குசினியில் குக்கர் மூன்று விசில் அடித்ததும் அது கை மாறும். இடியப்பம் அவிக்கிற நாட்களில் குக்கருக்கு வேலையில்லை என்பதால் அன்று முழுக்கப் புத்தகம் அக்காவிடமே கிடக்கும். எனக்கு அதில் எந்த முறைப்பாடும் இருக்கவில்லை. ஒப்படையை அவரவர் தனியாகச் செய்ய வேண்டும், ஒருவர் கொப்பியை மற்றவர் திறக்கக் கூடாது. அம்மாவும் இடையில் பார்க்க மாட்டார். "உங்கட வேலைக்கு நீங்கள்தான் பொலிஸ்" என்று சொல்லிவிட்டார். கள்ளனிடமே பொலிஸ் வேலையைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

பெப்ரவரிப் பாடம் பனி. தினமும் வீட்டுக்கு வெளியே போய்ப் பனிக்குள் அடிமட்டத்தைக் குத்தி எத்தனை அங்குலம் என்று குறிக்கச் சொன்னது புத்தகம். அம்மா பனியைப் பென்சிலால் வெட்டிவிட்டு எங்களுக்கு ஏற்றதாக மாற்றினார். அக்கா பின்னேரங்களில் ஒழுங்கையின் முடிவுக்குப் போய், தண்டவாளத்துக்கு அப்பால் கடல் எந்தக் கல் வரைக்கும் ஏறியிருக்கிறது என்று எழுத வேண்டும். தங்கச்சி காலையில் பல்கனியில் நின்று மின்கம்பியில் இருக்கிற காகங்களை எண்ணி, பக்கத்தில் வானத்தையும் படமாகக் கீற வேண்டும். எனக்கு மழை. வெட்டிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை மொட்டைமாடியில் வைத்து, தினமும் ஏறிப் போய்த் தண்ணீரை அளக்க வேண்டும். நாங்கள் இருந்தது நாலாம் மாடி. மொட்டைமாடிக்கு இன்னும் மூன்று மாடி. லிப்ட் பழுது. போத்தல் குசினி யன்னலைத் தாண்டிப் போகவில்லை.

இது வெறும் கொப்பி விடயமாக இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அக்கா வீட்டுக்குள் எங்களோடு வாய் ஓயாமல் கதைப்பாள். ஆனால் வெளி ஆட்கள், சொந்தக்காரர் முன்னால் அவளுக்கு ஒரு சொல்லும் வராது. இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறக்கவேயில்லை. வீட்டில் படிப்பிப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "உள்ளுக்கை வைச்சிருந்தா இருக்கிற கதையும் போயிடும்" என்றார். அம்மா விடவில்லை. கடைசியில் இரண்டு மாதம் பார்ப்பது என்று முடிவாகியது. அதற்குப் பிறகு தெஹிவளையிலிருந்து பெரியப்பா வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். அவர் ஓய்வு பெற்ற அதிபர். அவர் சரியில்லை என்று சொன்னால் அக்கா மறுநாளே பழைய வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அக்கா அந்த நாட்களில் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பிப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுடைய மீன் பொரியலை நான் சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கிறது.

பெரியப்பா வருகிறார் என்றதும் எனக்கு வந்த கவலை என் கொப்பியைப் பற்றியது. ஒரு துளி மழை விழாத மாதம் அது. சும்மா வரிசையாகப் பூச்சியம் போட்டிருந்தால் அத்தனையும் உண்மையாக இருந்திருக்கும். ஆனால் பக்கம் முழுக்கப் பூச்சியம் போட்டால் வேலை செய்யாதவனுடைய கொப்பி போலத் தெரியுமே! ஆகவே உழைப்பாளியின் கொப்பியாக்கினேன். ஆறு மில்லிமீற்றர், பதினொன்று, நாலு, ஒரு நாள் இருபத்தைந்து. இருபத்தைந்துக்குப் பக்கத்தில் "இடி" என்றும் எழுதினேன்.

மார்ச் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஒரு பை நிறைய மீன் அடைத்த மாலு பணிசோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அப்பா அவருக்குப் பக்கத்தில். அம்மா குசினி வாசலில். மூன்று கொப்பிகளையும் பெரியப்பா அருகருகே விரித்து வைத்தார். அப்போதுதான் தங்கச்சியின் கொப்பியை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் கீறியிருந்த வானத்தில் இருபத்தெட்டுச் சூரியன்கள், ஒன்றுகூடத் தவறாமல். அவளுடைய மஞ்சள் பஸ்டல் தேய்ந்து முடிந்து, கடைசி இரண்டு சூரியன்களும் செம்மஞ்சளில் இருந்தன.

"தம்பி, பெப்ரவரி முப்பதாம் திகதி எவ்வளவு பெய்தது?" என்று கேட்டார் பெரியப்பா.

"பன்னிரண்டு மில்லிமீற்றர், பெரியப்பா."

"நல்ல மழை."

"ஓம் பெரியப்பா. நான் நனைஞ்சே போனன்."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா சிரிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, "பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. மழை பெய்ததோ?" என்றார்.

அக்கா மேசை விரிப்பின் நுனியைச் சுருட்டினாள். விரித்தாள். மறுபடியும் சுருட்டினாள். பெரியப்பா நன்றாகவே பொறுத்துப் பார்த்தார். பிறகு அக்காவின் கொப்பியை மெல்ல மூடி, அப்பாவைப் பார்த்து, "நான் என்ன சொல்லுறது..." என்று தொடங்கினார். அம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு ஒரு சாட்சி வேண்டும். கதைக்கவே மாட்டாத ஆளைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

"அக்காவுக்குத் தெரியும் பெரியப்பா. அவதான் எனக்குப் போத்தில் பிடிச்சவ."

"பொய்!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"பொ... பொய் பெரியப்பா! இவன் ஒரு நாளும் மேல போகேல்ல. போத்தில் குசினி யன்னலுக்கை கிடக்கு, வேணுமெண்டா போய்ப் பாருங்கோ. நான் நாளாந்தம் கடற்கரைக்குப் போனனான், ஒரு துளி விழேல்ல. நனைஞ்சவராம்! டேய் மடையா, பெப்ரவரியில முப்பதாம் திகதி எங்கயடா இருக்கு?"

அக்காவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பெரியப்பா கதிரையை அசைக்காமல், சத்தம் கூட்டாமல், "அப்ப கடல் எப்பிடி இருந்தது, பிள்ளை?" என்று கேட்டார். கோபத்தின் வேகத்தில் அக்கா அதற்கும் பதில் சொன்னாள். எந்தக் கல், எந்த நாள், முழுநிலவுப் பறுவத்தன்று தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறியது, எந்தப் பின்னேரம் ரயில் தாமதித்ததால் கடவையில் காத்து நின்றாள் என்று எல்லாம். சில சொற்களில் திக்கினாள். திக்கிவிட்டுத் தொடர்ந்தாள். கொப்பி மூடியபடியே கிடந்தது.

அம்மாவைத் தேடினால் வாசலில் இல்லை. குசினிக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இப்படியொரு பொய்யனைப் பெற்றேனே என்றுதான் அழுகிறார் என்று எனக்கு விளங்கியது. "இனி மழை எழுதமாட்டன் அம்மா" என்றேன். அம்மா என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். பிறகு என் கையில் இரண்டு மாலு பணிசைத் தந்தார். தங்கச்சிக்கு ஒன்றுதான். உண்மையாக இருபத்தெட்டுச் சூரியன் கீறியவளுக்கு ஒன்று, பொய்யாக முப்பது மழை பெய்ய வைத்தவனுக்கு இரண்டு என்றால் உலகம் எந்த விதத்தில் நடக்கிறது என்று யோசித்துக்கொண்டே இரண்டையும் சாப்பிட்டு முடித்தேன். போகும்போது பெரியப்பா அப்பாவிடம், "விடு, இங்கயே படிக்கட்டும்" என்றார். அதை என் கொப்பிக்குக் கிடைத்த மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டி தானாக வரவில்லை, அம்மா கெஞ்சிக் கேட்டு எடுப்பித்தது என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பாட்ட வேண்டியிருந்தது அக்கா ஒருத்தியைத்தான். தன்னை மட்டும் வீட்டில் இருத்திவிட்டார்கள் என்று அவள் நினைக்கக் கூடாதென்பதற்காக, எந்தக் குறையும் இல்லாமல் பள்ளிக்கூடம் போய்வந்த எங்கள் இரண்டு பேரையும் அம்மா அவளோடு சேர்த்து இருத்தியிருக்கிறார். நான் படிக்க வைக்கப்பட்டவன் அல்ல, துணைக்கு வைக்கப்பட்டவன்.

போன மாதம் அம்மாவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இவ்வளவு காலமும் எனக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். "யோசிச்சுப் பாருங்கோ அம்மா, நான் அண்டைக்கு அந்தப் பொய்யை எழுதியிராட்டி அக்கா வாய் திறந்திருப்பாவே?" என்றேன்.

அம்மா கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அந்த மழை ஒப்படை இன்னும் எனக்கு வந்து சேரேல்ல."