கரண்டுக்குத் துண்டு போட்ட தெரு

அருப்புக்கோட்டைக்கு வெளியே, பந்தல்குடி ரோட்டில் கம்பு விளைந்த கரிசலைப் பிளாட் போட்டு விற்றபோது எங்கள் தெருவில் மூன்றே வீடுதான். டிரான்ஸ்பார்மரும் அந்த மூன்று வீட்டை நினைத்து வைத்ததுதான். இப்போது இருபது வீடு. நிழலுக்கு மரம் என்று ஒன்று கிடையாது. அதனால் வீட்டுக்கு வீடு ஏசி.

தலைப்பிரசவத்துக்கு என் மகள் சித்திரையில் வந்தாள். எட்டு மாதம். "அங்க ஏசி இருக்குல்ல?" என்று சம்பந்தியம்மாள் போனில் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. வெக்கை தாங்காமல் மகள் திரும்பிப் போய்விட்டால் என் மானம் என்னாவது? மறுநாளே ஒன்றை வாங்கி மாட்டினோம்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால், ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. மூன்று நாளும் அதே டக். மகள் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தூங்காமல் கிடந்தாள்.

எதிர்வீட்டு மதினிதான் சூட்சுமத்தைச் சொன்னார்.

"ஏழு மணிக்குப் போட்டா எப்படிக் கிளம்பும்? அதுக்குள்ள எல்லாரும் போட்டு வோல்டேஜு விழுந்துரும். ஓடிக்கிட்டு இருக்கிறது நிக்காது, புதுசாப் போடுறதுதான் ஓடாது. நரிக்குடி பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போடுறோம்ல, அது மாதிரி முன்னாடியே போட்டு வச்சிரணும். நான் அஞ்சுக்கே போட்டுருவேன்."

மறுநாள் நாலரைக்கே போட்டேன். ஓடியது! மதினி எப்படியோ மோப்பம் பிடித்து நாலுக்குப் போட்டார். நான் விடுவேனா? மூன்றரை. அடுத்த வீடுகளும் சேர்ந்துகொள்ள, ஒரே வாரத்தில் தெருவே மத்தியானம் இரண்டு மணிக்குத் துண்டு போட்டது. பகலிலும் ஏசியில் கிடந்தால் கால் மரத்துப்போகிறது என்று மகள் கூடத்தில்தான் இருந்தாள். அறைக்குள் கொத்தமல்லிக் கட்டு மட்டும் வாடாமல் படுத்திருந்தது. ஏசிகளின் வெளிப்பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஊதிய அனலில், வாசலில் காயப்போட்ட வடகம் ஒரே பகலில் மொறுமொறுத்தது.

எட்டாம் நாள் மூன்று மணிக்கு 'படார்' என்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விட்டது. லைன்மேன் வந்தார்.

"யக்கா, இந்நேரத்துல யாரு ஏசி போட்டது?"

யாரும் போடவில்லையாம். நானும்தான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் சுவரோரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டி வீட்டுக்கு வீடு கரிசல் குழைந்து கிடந்தது.

"மழை பேஞ்சு நாலு மாசமாச்சு. உங்க தெருவுக்கு மட்டும் தனியாப் பேஞ்சிருக்கு போல" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம், கரிசல் காட்டிக்கொடுத்துவிட்டது. "எல்லாரும் ஒண்ணாப் போட்டா மறுபடியும் போயிரும்" என்று சொல்லி அவர் சரிசெய்துவிட்டுப் போனார்.

காற்றுக்காக வாசலில் வந்து உட்கார்ந்திருந்த மகளை மதினி அப்போதுதான் பார்த்தார். முகமெல்லாம் சிவந்து, வயிற்றில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மதினி தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினார்.

"ஏ, மாசமா இருக்கிற புள்ள பஸ்ஸுல ஏறுனா எந்திரிச்சு இடம் விட மாட்டமா? இன்னைக்கு எல்லாரும் ஏசிய அமத்துங்க!"

அன்று ஏழு மணிக்கு எங்கள் ஏசி மட்டும் ஓடியது. பத்து நிமிடத்தில் மகள் குறட்டை விட்டாள். "புள்ளயப் பாத்துட்டுப் போயிருதேன்" என்று மதினி வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். பார்த்த யாரும் போகவில்லை. பாயில் நெருக்கியடித்து, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரமாகப் போட்டி போட்டுத் துண்டு போட்டேனே தவிர, வாயைத் திறந்து ஒருநாளும் இடம் கேட்கவில்லை.