நான் கொடுத்த மஞ்சள் பொடி

1953ஆம் வருஷம் ஆனி மாதம் என் வீட்டுக்காரருடைய கால்கள் மரத்துப்போயின. அவர் பேர் நேசையன். பூதப்பாண்டி பஸ்ஸில் டிரைவர். ஆறு மாதம் முன்பே அவருக்கு இரத்தத்தில் புற்று என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். டாக்டர் தந்த சொட்டு மருந்தில் தேறி, மறுபடி வண்டி ஓட்டப் போனார்.

அப்போதுதான் தொடையில் படை வந்தது. உட்கார முடியாத அரிப்பு. டாக்டரிடம் காட்ட அவருக்கு வெட்கம். நான் ஒரு நாட்டு வைத்தியரிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி வாங்கி, தேனில் குழைத்துக் கொடுத்தேன். படை வாடியது. சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் வாரம் வாந்தியும் பேதியும். கால்விரலைக் கிள்ளினாலும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

“வேற மருந்து வல்லதும் குடுத்தியா, தங்கம்?” என்று நர்ஸ் கேட்டார்.

“இல்லக்கா.”

வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து சொன்ன பொய். பொடி என் மடியில் இருந்தது. அங்கேயும் இரண்டு நாள் ஒளித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கட்டிலடியில் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளாதேயும்” என்று அழுதேன். ஆறுதல் வரவில்லை. நர்ஸ் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அதை மட்டும் என்னிடம் கேளாதேயும் என்று கெஞ்சினேன். கடைசியில், “எனக்குத் தைரியம் தாரும்” என்றேன்.

காலையில் டாக்டர் வந்ததும் பொடியை எடுத்து நீட்டினேன்.

“இதக் குடுத்தேன் அய்யா. நர்ஸக்காட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவர் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது தாளகம். பாஷாணமாக்கும். நான் அளவா குடுக்க சொட்டும் அதே பாஷாணந்தான். ரெண்டும் சேந்தா மனுசன் தாங்கமாட்டான். நோய் முத்திட்டுன்னு நெனச்சு, இன்னைக்குச் சொட்டக் கூட்ட இருந்தேன்.”

என் கையாலேயே அவரைக் கொன்றிருப்பேன்.

இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து பாஷாணத்தை முறிக்கிற ஊசி வந்தது. மூன்று நாள் அவருடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் கண் திறந்தார்.

“தங்கம், கொஞ்சம் கஞ்சி தாறியா?”

இது 1956. இரத்த நோய் போகவில்லை. வேறு மருந்து சாப்பிடுகிறார். வண்டி ஓட்ட முடியாது. கம்பு ஊன்றி என்னோடு ஆலயத்துக்கு வருகிறார். அந்தக் காலையில் என் வாயைத் திறந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நோயாளியை வைத்துக்கொண்டு பயந்திருக்கிற சகோதரிகளே, சுகத்துக்காக ஜெபியுங்கள். கொடுத்த மருந்தை ஒளிக்காமல் சொல்லும் தைரியத்துக்காகவும் ஜெபியுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.