முப்பத்துமூன்றும் ஐம்பத்திரண்டும்

தங்கை வேலையில் சேரக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. வெளியூரில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். பஸ் பத்து மணிக்கு என்று அக்கா நினைத்திருக்க, எட்டரைக்கே என்று காலையில்தான் தெரிந்தது. மேலாளரிடம் முன்பே கேட்டு வைத்திருந்த நாற்பது பகடைகளை தான் வேலை பார்க்கும் பகடை ஆலையில் தன் மேசைத் தட்டிலிருந்து அள்ளி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு ஓடினாள். அவள் வந்து சேர்ந்தபோது டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"புள்ளைங்களுக்கு நிகழ்தகவு நடத்தணும்னியே, இந்தா!" என்று ஜன்னல் வழியாக டின்னைத் திணித்தாள். "எல்லாம் நான் சோதிச்சது."

சோதிக்கவில்லை. நேரமில்லை.

பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. அச்சிலிருந்து விழும் பகடைக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெளியே தெரியாது. டம்ளர் தண்ணீரில் பகடை மிதக்கும்வரை உப்பைக் கரைப்பாள். மிதப்பதை விரலால் சுண்டிவிடுவாள். நல்ல பகடை ஒவ்வொரு தடவையும் வேறு முகம் காட்டும். குமிழி உள்ளதோ எத்தனை முறை சுண்டினாலும் அதே முகத்தோடு வந்து இளிக்கும். ஆலையில் அவள் பெயரே 'உப்பு'.

"என்ன உப்பு, இன்னைக்கு எத்தனை பேரைக் குளிப்பாட்டின?" என்பார் பேக்கிங்காரர்.

"உங்களை ஒரு முக்கு முக்கினா, மண்டைக்குள்ள எவ்வளவு காத்துன்னு தெரிஞ்சிடும்ணே."

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கை போன் செய்தாள். ஆளுக்கொரு பகடையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, இருநூறு தடவை உருட்டி எழுதிவரச் சொல்லியிருந்தாளாம்.

"புத்தகக் கணக்குப்படி ஆறு முப்பத்துமூணு தடவை வரணும். முன்னப் பின்ன இருக்கலாம். ஒருத்தி மட்டும் ஐம்பத்திரண்டுன்னு எழுதியிருக்காக்கா! உருட்டாமலே கைக்கு வந்ததை எழுதிட்டு, உருட்டினேன்னு அழறா. நாளைக்கு அவ அம்மாவை வரச் சொல்லியிருக்கேன். உன் பகடையில கோளாறு இருக்காதுல்ல?"

அக்காவின் வாய் முந்திக்கொண்டது. "என் கையில தேறினது என்னைக்குடி பொய் சொல்லியிருக்கு?"

போனை வைத்தபின் சாப்பாட்டை ஒதுக்கிவைத்தாள். டம்ளரில் தேறிய ஒரு பகடையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் உருட்டத் தொடங்கினாள். பேக்கிங்காரர் அட்டையில் கோடு போட்டார். இருநூறில் ஆறு முப்பத்தெட்டு. இன்னொரு இருநூறு: இருபத்தொன்பது. மறுபடியும்: முப்பத்தைந்து.

"ஒரே பகடை, ஒரே கை. ஏண்ணே இப்படி ஆடுது?"

"அதுக்கும் மனசு மாறுமில்ல."

ஆனால் மூன்றையும் கூட்டினால் நூற்றிரண்டு. அறுநூறுக்குக் கணக்குப்படி நூறு! பதினெட்டு வருஷம் பகடையைக் குளிப்பாட்டியிருக்கிறாளே தவிர, இப்படி உருட்டிப் பார்த்ததில்லை. வேலை முடிந்தபின்னும் உட்கார்ந்துவிட்டாள். "வீட்டுக்குப் போகலையா?" என்றார் பேக்கிங்காரர், தானும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் பத்துச் சுற்று. அதிகபட்சம் நாற்பத்தொன்று. ஐம்பத்திரண்டின் வாசலைக்கூட எதுவும் மிதிக்கவில்லை.

அப்படியானால் ஒன்று, அந்தப் பெண் பொய் சொல்கிறாள். இல்லையென்றால் பகடை பொய் சொல்கிறது. நாளைக்கு அம்மாவோடு தலைகுனிந்து நிற்கப்போவது அந்தப் பெண்.

போனை எடுத்தாள். "தட்டுல இருந்ததை அப்படியே அள்ளிட்டேன்டி. ஒண்ணைக்கூடத் தண்ணியில போடல."

"எல்லாம் சோதிச்சதுன்னு ஊர் கேக்கப் பீத்திக்கிட்டியே!"

"பீத்திக்கிட்டேன்தான். அந்தம்மாவை வர வேண்டாம்னு சொல்லு. அந்தப் பகடையை உப்புத்தண்ணியில போடு."

"எந்தப் பகடையை? எல்லாத்தையும் வாங்கி டின்ல கொட்டியாச்சு."

"அப்ப நாப்பதையும் போடு."

போன் தொடர்பு அறுந்தது. அதன்பின் தங்கை பேசியதெல்லாம் வீட்டு வாடகை, தலைவலி. பகடைப் பேச்சை எடுத்தால், "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்பதோடு சரி. அக்கா இப்போதெல்லாம் டம்ளரில் தேறியதையும் நாலு தடவை உருட்டிவிட்டுத்தான் தட்டில் போட்டாள். நாலு தடவையில் ஒன்றும் தெரியாது என்று அவளுக்கே தெரியும்.

ஆறு மாதம் கழித்து, ஆண்டு முடியும் நேரத்தில் ஒரு செய்தி வந்தது. படத்தில் ஒரு டம்ளர். அதில் ஆறு மேலே தெரிய மிதக்கும் பகடை. கீழே தங்கை எழுதியிருந்தாள்:

"ஐம்பத்திரண்டு எழுதினாளே, அவ அம்மாவை அன்னைக்கே வர வேண்டாம்னுட்டு, உப்புத்தண்ணி விஷயத்தை அவகிட்ட சொன்னேன். வேண்டாம் டீச்சர், உருட்டியே கண்டுபிடிக்கிறேன்னுட்டா. பகடைக்கெல்லாம் நம்பர் ஒட்டி, வகுப்பே சேர்ந்து ஒவ்வொண்ணையும் ஆயிரத்து இருநூறு தடவை உருட்டினோம். முப்பத்தொன்பது பகடையில ஆறு இருநூறை ஒட்டியே வந்துச்சு. இருபத்தேழாம் நம்பர்ல மட்டும் முந்நூத்தொன்பது. அதுக்கப்புறம்தான் டம்ளர்ல போட்டோம். எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். அவ உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா: உள்ள குமிழி எவ்வளவு பெருசு இருக்கும், அறுத்துப் பாக்கலாமா?"